சொன்னதாக நினைத்தது

ஜூலை 11, வெள்ளி

காலில் சேறு காய்வதற்குள் குழாயில் ஊதச் சொன்னார்கள். குடித்திருக்கிறேனா என்று பார்க்க. பயணிகளை எல்லாம் கைப்பிடித்து இறக்கிவிட்டுக் கடைசியாக வெளியே வந்து மழையில் நிற்கிறேன். துவட்டிக்கொள்ள ஒரு துண்டு கொடுக்க ஆளில்லை, குழாயோடு மட்டும் ஒருவர் ஓடி வந்தார். ஊதினேன். பிறகு ரத்தம், சிறுநீர். கடைசியில் இந்த ஓட்டல் அறையில் கொண்டுவந்து விட்டு, யாரிடமும் பேசக் கூடாது என்றார்கள். எழுதக் கூடாது என்று சொல்லவில்லை.

நேற்று மாலை சென்னையிலிருந்து கிளம்பினோம். எழுபது பேர் உட்காரும் புரொப்பல்லர் விமானம். போய்ச் சேரவேண்டியது மேற்குக் கரையில், ஒரு மேட்டின் தலையைச் சீவிக் கட்டிய விமான நிலையம். அந்த ஊரின் பெயரை எழுதக்கூட இன்று பிடிக்கவில்லை. ஓட்டியவர் கேப்டன் குழந்தைவேலு. பக்கத்தில் துணை விமானியாக நான். பேய் மழை. முதல் தடவை கீழே வந்தபோது ஓடுபாதை விளக்கு கண்ணில் படவில்லை. மறுபடி மேலே எழும்பிவிட்டார். அது சரியான முடிவு. சுற்றிக்கொண்டே காத்திருந்தோம். மழை கொஞ்சம் வெறித்தது. இரண்டாவது தடவை வந்தோம். இப்போது விளக்கு தெரிந்தது. ஆனால் உயரம் அதிகம், வேகமும் அதிகம்.

அந்த நிலையில் துணை விமானி சொல்லவேண்டியது இரண்டே சொல்: 'கோ அரவுண்ட்'. இறங்காதே, எழும்பிப் போய்விடு என்று பொருள். அதைச் சொல்லிவிட்டால் ஓட்டுகிறவர் எத்தனை பெரிய ஆளாக இருந்தாலும் கேள்வி கேட்காமல் எழும்பவேண்டும்.

நான் சொன்னேன். கத்தியே சொன்னேன். இரண்டு தடவை. அவர் இறக்கினார்.

பாதி ஓடுபாதை போன பிறகுதான் சக்கரம் தரையைத் தொட்டது. மிச்சப் பாதை போதவில்லை. ஈரத்தில் வழுக்கிக்கொண்டே போய்க் கடைசி விளக்கையும் தாண்டி, மழைநீர்க் கால்வாயில் மூக்கைக் குத்தி நின்றது. அதற்கப்பால் கொஞ்சம் புல். புல்லுக்கு அப்பால் பள்ளத்தாக்கு.

யாரும் சாகவில்லை. வால் தூக்கி அடித்ததில் பின்வரிசைக்காரர் ஒருவருக்கு மட்டும் முதுகெலும்பில் பலத்த அடி. பெயர் அழகுசுந்தரம் என்று ஸ்ட்ரெச்சர் தூக்கியவர்கள் பேசிக்கொண்டார்கள்.

ஒரு மனிதர் நான் சொன்னதைக் கேட்டிருந்தால் இது எதுவும் இல்லை.

ஜூலை 13, ஞாயிறு

பல்லாவரம் வீட்டுக்கு வந்துவிட்டேன். கம்பெனி விமானத்தில் இடம் போட்டிருந்தார்கள்; நான் ரயிலில் வந்தேன்.

தூத்துக்குடியிலிருந்து அம்மா காலையிலேயே அழைத்தாள். டிவியில் பார்த்து அழுது முடித்திருந்தாள். ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தவள், ஆகையால் அழுகை சீக்கிரம் முடிந்து, தலைவலி உண்டா, வாந்தி உண்டா என்று கேள்வி ஆரம்பமாயிற்று. அதற்குப் பிறகு விஷயத்துக்கு வந்தாள். நாசரேத்துப் பையன் வீட்டார் பதிலுக்குக் காத்திருக்கிறார்களாம். விபத்து நடந்து மூன்றாவது நாள். இப்போதா இந்தப் பேச்சு என்று கொதித்துப்போய், எனக்கு இந்தச் சம்பந்தம் வேண்டாம் என்று உறுதியாகச் சொல்லிவிட்டேன்.

"ஏட்டி, அவாளுக்கு என்ன சொல்லட்டும்?" என்றாள்.

"இப்ப எதுக்கும்மா, பாப்பம்" என்றேன்.

தீர்ந்தது.

ஜூலை 15, செவ்வாய்

எங்கள் இருவரிடமும் தனித்தனியாக வாக்குமூலம் எழுதி வாங்கியிருந்தார்கள்; 'கோ அரவுண்ட்' என்று கத்தினேன் என்று நான் எழுதிக் கொடுத்தேன்.

கேப்டன் குழந்தைவேலு எழுதிக் கொடுத்த வாக்குமூலத்தைக் கம்பெனியில் ஒருவர் வாய்தவறிச் சொல்லிவிட்டார். 'துணை விமானியிடமிருந்து எச்சரிக்கை எதுவும் வரவில்லை.' எச்சரிக்கை எதுவும் வரவில்லையாம்.

இரண்டு வருஷமாக அவர் பக்கத்தில் உட்கார்ந்து பறந்திருக்கிறேன். 'அம்மிணி' என்பதைத் தவிர வேறு சொல்லால் என்னைக் கூப்பிட்டதில்லை. பொள்ளாச்சியிலிருந்து வரும்போதெல்லாம் கச்சாயப் பலகாரம் கொண்டுவருவார். பெண்கள் விமானம் ஓட்டுவதா என்று ஒரு பயணி சிரித்தபோது, அந்த ஆளை இறக்கிவிட்டுத்தான் கிளம்புவேன் என்று நின்றவர். அப்படிப்பட்ட மனிதர் தன் பென்ஷனுக்காக என்னைக் காவு கொடுக்கிறார்.

விமானி அறையில் பேசுவதெல்லாம் ஒலிப்பதிவுக் கருவியில் ஏறும். அதை எடுத்து டெல்லிக்கு அனுப்பியிருக்கிறார்கள். போட்டுக் கேட்கட்டும். அன்றைக்குத் தெரியும் யார் பொய் சொல்வது என்று. எனக்கு ஒரு பயமும் இல்லை.

ஜூலை 18, வெள்ளி

வாஷிங் மெஷின் தண்ணீரை வெளியே விடவில்லை. வாளியில் மொண்டு ஊற்றினேன்.

கீழ்வீட்டுக்காரர் என் வண்டி நிற்கும் இடத்தில் தன் புல்லட்டை நிறுத்துகிறார், இரண்டு மாதமாக. இன்று பொறுமை போய்விட்டது. படியிலேயே மடக்கி, நன்றாகக் கேட்டுவிட்டேன். "அண்ணே, முடிஞ்சா கொஞ்சம் தள்ளி நிப்பாட்டிக்கிடுறீங்களா, அவசரமில்ல." மனிதர் தலையாட்டினார்.

ஜூலை 19, சனி

புல்லட் அங்கேயேதான் நிற்கிறது. இந்த ஊரில் எவருக்கும் காது இல்லை.

ஜூலை 22, செவ்வாய்

என்னை வகுப்புக்கு அனுப்பினார்கள். விமானி முடிவெடுப்பதை மனம் எப்படியெல்லாம் கெடுக்கும் என்று ஒரு நாள் முழுக்கப் பாடம். களைப்பு வந்தால் கண் எதைப் பார்க்கும், எதை விடும். ஊர் போய்ச் சேரவேண்டும் என்ற தவிப்பு எப்படி மழையை மெல்லிசாகக் காட்டும். போட்ட திட்டத்தை இவ்வளவு தூரம் வந்து எப்படி விடுவது என்ற பிடிவாதம். மூத்தவரிடம் இளையவர் வாய் திறக்கத் தயங்குவது. பாடம் நடத்தியது என் வயதுப் பையன். திரையில் படங்களை மாற்றிக்கொண்டே இருந்தான். கடைசிப் படத்தில் ஒரு வாய் வரைந்து, பக்கத்தில் 'துணிந்து பேசு' என்று எழுதியிருந்தது.

இந்தத் தாளில் நான் பயிற்சிப் பள்ளியில் முதலாவதாக வந்தவள். தயங்கிப் பேசும் துணை விமானிகளால் உலகத்தில் எங்கெங்கே விமானம் விழுந்தது என்று எனக்கு மனப்பாடம். எனக்கே பாடமா? துணிந்து பேசியவளை உட்காரவைத்துத் துணிந்து பேசு என்கிறார்கள். கேட்காதவருக்கு எங்கே வகுப்பு? 'செவி கொடு' என்று ஒரு காதை வரைய எவனுக்கும் தோன்றவில்லை.

அந்தப் பையனிடம் இதைச் சொல்லலாம் என்று எழுந்தேன். தேநீர் இடைவேளை வந்துவிட்டது.

ஜூலை 29, செவ்வாய்

கேப்டன் அழைத்தார். எடுக்கவில்லை. மறுபடி அழைத்தார். எடுக்கவில்லை. சாப்பிட்டாயா என்று செய்தி அனுப்பினார். சாப்பிட்டேனாம்.

அன்று மாலை நடந்ததை மறுபடி மறுபடி ஓட்டிப் பார்க்கிறேன். கிளம்பும்போதே அவருக்கு இருப்புக்கொள்ளவில்லை. மறுநாள் பொள்ளாச்சியில் மகளுக்கு நிச்சயதார்த்தம். சென்னைக்குத் திரும்பி, விடிகாலைக்குள் காரில் ஊர் போய்ச் சேருவதாகத் திட்டம். வேறு ஊருக்குத் திருப்பியிருந்தால் எங்கள் வேலைநேரம் முடிந்திருக்கும். அங்கேயே ராத் தங்கவேண்டும். நிச்சயதார்த்தத்துக்கு அப்பா இருக்கமாட்டார். இறங்காமல் சுற்றிய நேரத்தில், பட்டுப்புடவை எடுத்த கதையைச் சொல்லிக்கொண்டிருந்தவர் பாதியில் நிறுத்திவிட்டார். அதற்குப் பிறகு பேசவே இல்லை. விளக்கு தெரிந்ததும் மூச்சை இழுத்து விட்டார், ஏதோ வீட்டு வாசல் தெரிந்ததுபோல.

இன்னொன்று. எங்கள் கம்பெனி மாதாமாதம் விமானிகளுக்கு ஒரு செய்தி அனுப்பும். எந்தக் கேப்டன் எத்தனை தடவை இறங்காமல் எழும்பினார், எத்தனை தடவை வேறு ஊருக்குத் திருப்பினார், எவ்வளவு எரிபொருள் வீண் என்று பெயரோடு. ஜூனில் அவர் பெயர் மேலே இருந்தது. முதல் தடவை எழும்பியபோதே, "நம்ம பேரு இந்த மாசமும் மேலதான் அம்மிணி" என்று சிரித்தார். நானும் சிரித்தேன்.

மகளுக்காகவும் அந்தச் செய்திக்காகவும் அத்தனை பேரையும் பள்ளத்தாக்கு வரை கொண்டுபோய் நிறுத்திவிட்டு, நான் எச்சரிக்கவில்லை என்று எழுதுகிற ஆள். சாப்பிட்டாயா என்று கேட்கிற ஆளும் இவரேதான்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

கம்பெனியின் பாதுகாப்புப் பிரிவு மேலாளர் கௌசிக் கூப்பிட்டிருந்தார். ஏசி அறை, முந்திரி பிஸ்கட். விசாரணைக்குப் போகும்போது இருவரும் ஒரே மாதிரி சொன்னால் எல்லாருக்கும் நல்லது என்றார். 'தகவல் பரிமாற்றத்தில் இடைவெளி' என்று ஒரு வாசகம் தயாராக வைத்திருந்தார். அப்படிச் சொன்னால் யார் மீதும் பெரிய பழி வராதாம். மாதச் செய்தியைப் பற்றி யாராவது கேட்டால், அது வெறும் தகவலுக்காக என்று சொல்லவேண்டுமாம். அடிபட்டவரின் குடும்பத்தைப் பார்க்கப் போகக் கூடாதாம். இயற்கைச் சீற்றம், யாராலும் முன்கூட்டி அறிந்திருக்க முடியாது என்று கம்பெனியே அவர்களுக்கு விளக்கிவிட்டதாம்.

யாராலும் அறிந்திருக்க முடியாதா? நான் அறிந்தேன், சொன்னேன். முகத்துக்கு நேரே மறுத்துவிட்டு வந்தேன்.

வெளியே வந்து மின்தூக்கியில் இறங்கும்போது நான் சொன்னதை நினைத்துப் பார்த்தேன். "யோசிச்சுச் சொல்றேன் சார்." பரவாயில்லை. தொனியில் தெரிந்திருக்கும்.

ஆகஸ்ட் 9, சனி

நாசரேத்திலிருந்து பையன் வீட்டார் அடுத்த வாரம் பெண் பார்க்க வருகிறார்களாம். அம்மா அழைத்துச் சொன்னாள், சாதாரணமாக. எனக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. வேண்டாம் என்று நான் சொன்ன பிறகு எப்படி வரச்சொல்லலாம் என்று கேட்டேன்.

"நீ எங்கட்டி வேண்டாம்னு சொன்ன? பாப்பம்னுல்லா சொன்ன."

"பாப்பம்னா வேண்டாம்னுதானே அர்த்தம்."

"அது எனக்கு எப்படித் தெரியும்? நான் உன் மனசுக்குள்ளயா இருக்கேன்?"

போனை வைத்துவிட்டேன். பெற்ற தாய்க்கே என் பேச்சு புரியவில்லை என்றால் யாரிடம் போய்ச் சொல்வது.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

நாளை விசாரணை. நீலச் சேலைக்கு இஸ்திரி போட்டேன். ஒலிப்பதிவை எங்கள் முன்னால் போட்டுக் காட்டப்போகிறார்கள். அவர் முகத்தைப் பார்க்கவேண்டும், அதற்காகவே எதிர்ப்பக்கம் உட்காரப் போகிறேன்.

ஆகஸ்ட் 18, திங்கள்

நடந்தது நடந்தபடி எழுதவேண்டும். இன்றைக்காவது.

நீளமான மேசை. தலைமாட்டில் விசாரணை அதிகாரி மிஸ்ரா, ஓய்வுபெற்ற விமானி, வெள்ளை முடி. அவர் பக்கத்தில் ஒலிப்பதிவை எழுத்தாக்கிய இளைஞர். கௌசிக், கம்பெனி வக்கீல். எனக்கு எதிரே கேப்டன். மெலிந்திருந்தார். நான் வணக்கம் வைக்கவில்லை.

போட்டார்கள். மழைச் சத்தம் முதலில். கண்ணாடி துடைப்பான் டக் டக் என்று அடிக்கிறது. அவர் இயந்திரத்தின் வேகத்தைக் குறைக்கச் சொல்கிறார். பிறகு ஒரு பெண் குரல்:

"சார், கொஞ்சம் ஹையா இருக்கோமோ?"

அவர் "ம்" என்கிறார். அது பதில் இல்லை, வேலை செய்கிறவன் தனக்குத்தானே போடுகிற சத்தம். துடைப்பான் அடிக்கிறது. மறுபடி அந்தக் குரல், இன்னும் சின்னதாக:

"சார்... ரன்வே பத்துமோ என்னமோ."

"எறங்கீருவோம், எறங்கீருவோம்" என்று அவர் யாரிடமோ சொல்கிறார். எனக்கு அல்ல. தனக்கு. அப்புறம் சக்கரம். அப்புறம் என் அலறல். அதில் வார்த்தை ஒன்றும் இல்லை.

அவ்வளவுதான்.

'கோ அரவுண்ட்' எங்கே? வெட்டிவிட்டார்கள் என்றுதான் முதலில் தோன்றியது. கம்பெனி வெட்டியிருக்கிறது, கேப்டன் சொல்லி வெட்டியிருக்கிறார்கள். சண்டைக்குத் தயாராக எழுந்தேன். இது என் குரல் இல்லை, பதிவில் கைவைத்திருக்கிறார்கள் என்று கத்த வாயைத் திறந்தேன். வந்தது: "இன்னொரு தடவ போட முடியுமா சார்?"

அறையில் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். அதே குரல். ஒலிபெருக்கியில் வந்தது, இப்போது என் வாயிலிருந்து வந்தது, இரண்டும் ஒன்றேதான். உட்கார்ந்துவிட்டேன்.

மறுபடி போட்டார்கள். ஒரு மாற்றமும் இல்லை.

மிஸ்ராவுக்குத் தமிழ் தெரியாது. எழுத்தாக்கிய இளைஞர் ஆங்கிலத்தில் 'நாம் சற்று உயரத்தில் இருக்கிறோமா?' என்று கேள்வியாக எழுதியிருந்தார். மிஸ்ரா என்னிடம் திரும்பி, தமிழில் அந்த வாக்கியம் எப்படி முடிகிறது என்று கேட்டார். 'மோ' என்று முடிகிறது என்றேன். அதற்கு என்ன பொருள்? சந்தேகமா?

என் இருபத்தெட்டு வயதில் ஒருவர் என்னிடம் 'மோ'வுக்குப் பொருள் கேட்கிறார். சந்தேகம் இல்லை என்றேன். கருவியில் உயரம் பளிச்சென்று தெரிந்தது, எனக்குச் சந்தேகமே இல்லை. தெரிந்ததைத் தெரியாததுபோலச் சொல்வதற்கு நாங்கள் அதைப் போடுவோம். பெரியவர்களிடம் பேசும்போது. அவர்களே கண்டுபிடித்ததாக இருக்கட்டும் என்று.

"அப்படியென்றால் மரியாதை" என்றார். ஆமாம் என்றேன். அவர் இளைஞரிடம், அடிக்குறிப்பில் அதை எழுதிக்கொள்ளச் சொன்னார்.

பிறகு வேறு ஏதாவது சொல்ல விரும்புகிறேனா என்று கேட்டார். கௌசிக் என்னைப் பார்த்தார். எனக்கு வந்த கோபம் இன்னதென்று சொல்லத் தெரியவில்லை. அந்தக் குரல் மேல் வந்தது, அதை அப்படிப் பழக்கிய ஒவ்வொருவர் மேலும் வந்தது. மாதச் செய்தியைப் பற்றிச் சொன்னேன். பெயர் போடுவார்கள் என்றும், எழும்பிப் போனவனைக் குற்றவாளிபோலக் காட்டுவார்கள் என்றும், கேப்டன் பெயர் மேலே இருந்தது என்றும் சொன்னேன். வக்கீல் குறுக்கிட்டு, அது வெறும் தகவலுக்காக என்றார். இல்லை, பயமுறுத்துவதற்காக என்றேன். இந்த விசாரணையின் எல்லைக்குள் அது வருமா என்று பார்க்கவேண்டும் என்றார் மிஸ்ரா. 

தாழ்வாரத்தில் கேப்டன் நின்றிருந்தார். விலகிப் போகப் பார்த்தேன். வழி மறிக்கவில்லை, கூடவே நடந்தார்.

"நீ சொன்னது எனக்குக் கேக்கவேயில்ல அம்மிணி. இன்னைக்குத்தான் மொதத்தடவ கேக்கறேன்."

நான் நடையை எட்டிப்போட்டேன்.

"நான் பொய் சொல்றேன்னு நெனச்சிட்டியா?"

"ஆமா சார்."

"நானும் உன்னய அப்படித்தான் நெனச்சேன். கத்துனேன்னு எழுதியிருக்கறாளே, இப்படிக்கூட ஒருத்தி பொய் சொல்லுவாளான்னு."

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மகளின் நிச்சயதார்த்தம் அவர் இல்லாமலே நடந்ததாம். அவர் அன்று விபத்து நடந்த ஊரில், காவல் நிலையத்தில் இருந்தார்.

அந்த விளக்கு தெரிந்த பிறகு அவர் காது அடைத்துப் போயிற்று. நெருக்கடியில் முதலில் செயலிழப்பது காதுதான் என்று அந்த வகுப்பிலேயே சொன்னார்கள், பயிற்சிப் பள்ளியில் நானும் பரீட்சையில் எழுதினேன். வாய் என்ன ஆகும் என்றும் எழுதினேன். முழு மதிப்பெண்.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

எழுத ஒன்றுமில்லை.

ஆகஸ்ட் 25, திங்கள்

இந்த நோட்டை முதலிலிருந்து படித்தேன். கிழித்துப் போடவேண்டும்போல இருந்தது. 'கத்தியே சொன்னேன், இரண்டு தடவை.' விபத்து நடந்த மறுநாளே எழுதியிருக்கிறேன். அப்போது ஒருவரிடமும் பேசியிருக்கவில்லை. பொய் சொல்ல ஒரு காரணமும் இல்லை. மனசுக்குள் கத்தினேன் போல. உள்ளே கேட்ட சத்தம் வெளியேயும் போனது என்று நம்பியிருக்கிறேன்.

கோபம் குறையவில்லை. குறையவேண்டும் என்றும் எனக்குத் தோன்றவில்லை. என் மேலும் குற்றம் உண்டு என்று நான் ஒத்துக்கொண்டவுடன் கௌசிக்குக்கு எவ்வளவு நிம்மதி! இன்று கடிதம் வந்தது. கேப்டனின் உரிமம் ரத்து, என்னுடையது ஆறு மாதம் நிறுத்திவைப்பு, மறுபடி பயிற்சி. விமானி அறைக்குள் நடந்த தவறு, விமானி அறையோடு முடிந்தது. மாதச் செய்தி இந்த மாதமும் வந்திருக்கிறது. நண்பன் ஒருவன் காட்டினான். ஒரே மாற்றம், பெயருக்குப் பதில் ஊழியர் எண் போட்டிருக்கிறார்கள். எல்லாருக்கும் எல்லாருடைய எண்ணும் தெரியும்.

அம்மாவிடம் பேசினேன். வேண்டாம் என்று சொன்னேன். ஏன் என்று கேட்டாள். எனக்கு இஷ்டமில்லை என்றேன். "இத முன்னாலயே சொன்னா என்ன?" என்றாள். வருத்தம்தான் அவளுக்கு. ஆனால் குழப்பம் இல்லை.

செப்டம்பர் 6, சனி

அழகுசுந்தரத்தைச் சென்னைக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள் என்று தெரிந்து இன்று பார்க்கப் போனேன். கம்பெனி கூடாது என்றது. போனேன்.

போகும் வழியெல்லாம் என்ன நினைத்துக்கொண்டு போனேன் என்று மறைக்காமல் எழுதுகிறேன். அவர்களும் என்னைப்போல ஏமாற்றப்பட்டவர்கள், என் கோபம் அவர்களுக்குப் புரியும், சேர்ந்து கம்பெனியைத் திட்டலாம் என்று நினைத்துக்கொண்டு போனேன். ஆப்பிள் வாங்கிக்கொண்டு.

குரோம்பேட்டையில் டைல்ஸ் ஒட்டும் காண்ட்ராக்டர் அவர். அந்த மேற்குக் கரை ஊரில் ஒரு ஓட்டலுக்குத் தரை போடும் வேலை கிடைத்து, அளவெடுக்கப் போயிருக்கிறார். நாற்பது வயதிருக்கும். கட்டிலில் நேராகப் படுத்திருந்தார். இடுப்புக்குக் கீழே போர்வை அசையவில்லை. அவர் மனைவி தமயந்தி ஸ்டூலில் உட்கார்ந்து அவருக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தார். நான் யார் என்று சொன்னேன். கரண்டியைக் கிண்ணத்தில் வைத்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன், திட்டவில்லை. உட்காரவும் சொல்லவில்லை.

கம்பெனிக்காரர்கள் வந்து போனதைப் பற்றிச் சொன்னார். திடீர் மழை, இயற்கை, யாருக்கும் தெரிந்திருக்க வாய்ப்பில்லை என்றார்களாம். எழுந்து நடப்பாரா என்று கேட்டதற்கு டாக்டரைக் கேளுங்கள் என்றார்களாம். டாக்டர் பார்க்கலாம் என்கிறாராம்.

"முன்னாடி உக்காந்திருந்தது நீங்க ரெண்டு பேருதானே. ஒண்ணு மட்டும் சொல்லுங்க. எறங்குறதுக்கு முன்னாடி உங்களுக்குத் தெரிஞ்சிச்சா, தெரியலையா?"

அன்றைக்கு மழை ரொம்ப என்று ஆரம்பித்தேன். கேப்டன் மூத்தவர் என்றேன். நான் ஒரு வகையில் சொல்லத்தான் பார்த்தேன், ஆனால் என்று இழுத்தேன். தமயந்தி என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். சாத்தூர்ப் பக்கத்துக்காரர், பேச்சில் தெரிந்தது. இரண்டு மாதமாக 'பார்க்கலாம்' என்ற பதிலையே கேட்டுக் கேட்டு அவர் முகம் இறுகிப் போயிருந்தது.

"தெரிஞ்சுது" என்றேன்.

கட்டிலில் படுத்திருந்தவர் தலையை என் பக்கம் திருப்பினார்.

"இப்ப ஒரே வார்த்தைல சொன்னீங்கள்ல," என்றார் தமயந்தி, "இத அன்னிக்கு அந்தக் கேப்டன்கிட்ட சொல்றதுக்கு என்ன கஷ்டம்?"

குரலை உயர்த்தவே இல்லை. இத்தனை நாள் நான் கோபம் என்று எழுதிவந்ததெல்லாம் அந்தக் கேள்வி முன்னால் என்னவாயிற்று என்று சொல்லத் தெரியவில்லை. எனக்கு நடந்தது அநியாயம்தான். ஆனால் நான் இரண்டு காலில் நின்றுகொண்டிருந்தேன்.

 

அழகுசுந்தரத்தைப் பக்கவாட்டில் திருப்பிப் படுக்கவைக்கும் நேரம் வந்துவிட்டது. திருப்பாவிட்டால் முதுகு புண்ணாகிவிடும். வார்டு ஆள் வரவில்லை. தமயந்தி எட்டிப் பார்த்துவிட்டு, "நிக்கீங்கள்ல, அந்தப் பக்கம் வந்து காலப் பிடிங்க" என்றார். ஆப்பிள் பையைத் தரையில் வைத்துவிட்டுப் பிடித்தேன். சூடான கால், நல்ல கனம். பிடித்திருப்பது அவருக்குத் தெரியவில்லை. "பிடிச்சிட்டாங்களா?" என்று மனைவியிடம் கேட்டார். மூன்று பேருமாகத் திருப்பினோம். தலையணையை முதுகுக்கு அண்டை கொடுத்து, வேட்டியைச் சரிசெய்து, வியர்வையைத் துடைத்துவிட்டுத் தமயந்தி நிமிர்ந்தார்.

வழக்குப் போடப் போகிறார்களாம். அண்ணன் ஒரு வக்கீலைப் பார்த்திருக்கிறாராம். இயற்கை என்று கம்பெனி சொன்னால் வழக்கு நிற்காது என்றாராம் வக்கீல்.

"கோர்ட்டுல வந்து, இப்ப எங்கிட்டச் சொன்னத அப்படியே சொல்லுவீங்களா? அந்த மாசாமாசம் பேரு போடுறத பேப்பர்ல படிச்சேன், அதையும்?"

சொன்னால் எனக்கு என்ன ஆகும் என்று தெரியும். ஆறு மாதம் கழித்துத் திரும்பிப் போக வேலை இருக்காது. இந்த நாட்டில் வேறு கம்பெனியும் எடுக்காது. தூத்துக்குடியில் அப்பா அடகு வைத்த நிலத்தின் பணத்தில்தான் நான் பறக்கக் கற்றுக்கொண்டேன்.

பதில் சொன்னேன்.  வாயிலிருந்து எது வந்தது என்று எனக்கே நிச்சயமில்லை. பார்க்கலாம் என்றேனா, முயற்சி பண்ணுகிறேன் என்றேனா? என் காதை நான் நம்பிக் கெட்டது போதும்.

"நான் இப்ப என்ன சொன்னேன்?" என்று அவரையே கேட்டேன்.

தமயந்தி என்னை ஏற இறங்கப் பார்த்தார். கேலி பண்ணுகிறேனோ என்று பார்த்திருப்பார்.

"கோர்ட்டுல வந்து சொல்றேன்னீங்க."